எட்டரை மணிச் சீட்டு

ஆகஸ்ட் 16, ஞாயிறு

இரண்டு செட் சீருடை துவைத்தேன். மூட்டமாகவே இருந்ததால் காலுறை ஒன்றும் காயவில்லை. ஷூவுக்குப் பாலிஷ் போட்டு முடிக்கும்போது போர் விளையாட்டுக்கான பட்டியலை ஒட்டிவிட்டார்கள் என்று நமிதா வந்து சொன்னாள். நமிதா சைக்கியா என் அறைத்தோழி, அசாம்காரி. நாங்கள் இந்தியும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவோம். இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

இந்த ராணுவ அதிகாரிப் பயிற்சி முடிவதற்குள் ஒவ்வொரு அணியும் ஒரு பழைய போரை மறுபடி நடத்திப் பார்க்க வேண்டும். எங்களுக்கு வந்திருப்பது 1780, புள்ளலூர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர் தக்கோலத்திலிருந்து அப்படி என்ன தூரம் அது! எங்கள் சின்ன அத்தையை அந்தப் பக்கம்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது.

கதை எல்லோருக்கும் தெரியும். கம்பெனிப் படையின் ஒரு பிரிவு வடக்கேயிருந்து காஞ்சிபுரத்துக்கு நடந்து வந்தது. காஞ்சியில் பெரிய படை காத்திருந்தது. இரண்டும் சேர்வதற்குள் மைசூர்ப் படை நடுவில் புகுந்து, நடந்து வந்த பிரிவைப் புள்ளலூரில் அழித்துவிட்டது. காஞ்சியில் இருந்தவர்கள் வந்து காப்பாற்றவில்லை.

அழிந்த பிரிவுக்குத் தளபதி நான். நமிதா எனக்குத் துணை. மைசூர்ப் பக்கம் பிஷ்ட். காஞ்சியில் செல்வின், நாகர்கோவில்காரன். எங்கள் அணியில் தமிழ் பேச எனக்கு இருக்கும் ஒரே ஆள்.

எங்கள் பயிற்சி அதிகாரி மேஜர் சூர்வே என்னைப் பார்த்து, "தோற்றவன் நாற்காலியில் உட்காரப் போகிறாய். ஜெயிக்க வேண்டும் என்றில்லை. தோற்றால் ஏன் தோற்றோம் என்று சபையில் நின்று சொல்லத் தெரிய வேண்டும்" என்றார்.

போன ஜனவரியில் இதே பாடத்தில் விழுந்ததால்தான் என்னை ஆறு மாதம் பின்தள்ளினார்கள். இன்னொரு முறை என்றால் வீட்டுக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இந்த விளையாட்டு ஒன்று, 24ஆம் தேதி இருபது கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று. இரண்டையும் தாண்டிவிட்டால் தோளில் நட்சத்திரம்.

அம்மா போனில், "சித்தப்பா பேனருக்குச் சொல்ட்டாராம்டி. போட்டோ கேக்கறாரு" என்றாள். "இப்பவே இன்னாத்துக்கும்மா?" என்றேன். "அங்கன்வாடில இருக்கற புள்ளைங்களுக்கெல்லாம் கூட தெரிஞ்சிபோச்சி, மங்கையக்கா ஆபீசர்னு" என்றாள்.

ஆகஸ்ட் 17, திங்கள்

விதிகளை விளக்கினார்கள். ஒவ்வொரு தரப்புக்கும் ஓர் அறை. நடுக்கூடத்தில் மணலில் ஆறு, ஏரி, ரோடு எல்லாம் செய்துவைத்திருக்கிறார்கள். அதை நடுவர்கள் மட்டும்தான் பார்க்கலாம். எங்கள் ஆட்கள் கண்ணுக்கு எது தெரியுமோ அதை மட்டும் எழுதித் தருவார்கள். நாம் கட்டளையைச் சீட்டில் எழுதி, எழுதிய நேரம் போட்டு, தாழ்வாரக் கோடியில் இருக்கும் மரப்பெட்டியில் போட வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை எடுத்துப் போவார்கள். வாங்கியவர் வாங்கிய நேரத்தைத் தன் கையால் குறிக்க வேண்டும். நேரத்தில் பொய் எழுதினால் நேரே வீட்டுக்குத்தான். யாரும் சரிபார்க்க மாட்டார்கள். கேடட்டின் வார்த்தையே சாட்சி.

மாலை ஓட்டப் பயிற்சி. இடது முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் வலி. தசைப்பிடிப்பு.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

ஆற்றைக் கடந்துவிட்டேன்!

நிஜத்தில் அந்தத் தளபதி கொசஸ்தலை ஆற்றின் வடகரையில் ஓர் இரவு தங்கினார். விடிவதற்குள் வெள்ளம் வந்து பத்து நாள் மாட்டிக்கொண்டார். எங்கள் ஊர் ஆறு அது. மேலே மழை பெய்தால் எப்படிப் புரண்டு வரும் என்று எனக்கா தெரியாது? வந்த வேகத்தில் மூவாயிரத்து எண்ணூறு பேரையும் மாட்டு வண்டிகளையும் இறக்கினேன். நடுவர் மழைக்கான சீட்டை எடுக்கும்போது கடைசி வண்டி கரையேறியிருந்தது. நமிதா மேசையைத் தட்டினாள். மேஜர் சூர்வே எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போவதே பாராட்டுதான் என்பார்கள்.

ஆகஸ்ட் 19, புதன்

படை நிற்காமல் நடக்கிறது. ஓய்வில்லாமல் ஒரு நாள் நடந்தால் படைக்கு ஒரு சிவப்பு ஊசி குத்துவார்கள். மூன்று ஊசி சேர்ந்தால் வேகமும் சுடும் திறனும் பாதியாகும். இன்று இரண்டாவது ஊசி.

"ஒரு ராத்திரி நிறுத்து. காளைகள் விழுகின்றன என்று சீட்டு வந்திருக்கிறது" என்றாள் நமிதா.

"நின்றதால்தான் அவர்கள் செத்தார்கள்."

"நிற்காமலும் சாகலாம், மங்கை."

நான் சீட்டை மடித்து அடியில் வைத்தேன்.

மாலையில் பதினைந்து கிலோமீட்டர். பன்னிரண்டாவதில் செல்வின் பின்தங்கி என்னோடு வந்தான். "காலுக்கு என்ன?" என்றான்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமலா ஒத்தக் கால இழுத்துட்டு வாற? டாக்டர்ட்ட காட்டு."

"காட்னா ரெஸ்ட் எழுதுவாங்க. திங்கக்கெழம ஓட்டம். நீ யார்கிட்டயும் சொல்லாத, செல்வின். சத்தியமா சொல்லாத."

அவன் பையிலிருந்து வலி மாத்திரை ஒரு அட்டை எடுத்துக் கொடுத்தான். "இதுதான் கடேசி, கேட்டியா" என்றான்.

ஆகஸ்ட் 20, வியாழன்

மூன்றாவது ஊசி. மாத்திரை ஆறு. பிஷ்டின் குதிரைப்படை எங்கே என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 21, வெள்ளி

முடிந்துவிட்டது.

இன்று விளையாட்டு நேரமும் சுவர்க் கடிகார நேரமும் ஒன்றாக ஓடும் என்றார்கள். எட்டு மணிக்கு முதல் சீட்டு: 'புள்ளலூர் அருகே மூன்று பக்கமும் புழுதி.' ஆற்றை நான் சீக்கிரம் கடந்ததும் பிஷ்ட் மற்ற எல்லா இடத்தையும் விட்டுவிட்டு மொத்தப் படையையும் என் வழியில் கொண்டுவந்து வைத்திருக்கிறான். காஞ்சி அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர்தான். நல்ல படைக்கு நான்கு மணி நேர நடை.

எட்டரைக்குச் செல்வினுக்கு எழுதினேன்: 'சூழப்பட்டோம். இருப்பதையெல்லாம் கொண்டு உடனே வரவும்.' எழுந்து வெளியே போனேன். கழிவறைக்கும் போய்விட்டு வந்தேன். திரும்பி உட்காரும்போது அடி தொடங்கியிருந்தது.

அதற்குப் பிறகு வந்த சீட்டுகளை என்னவென்று சொல்வது? இடது பக்கம் நூற்றிருபது பேர் இல்லை. பீரங்கி இரண்டு இல்லை. குதிரைப்படை மறுபடி. குதிரைகளைத் தடுக்க நாலு பக்கமும் பார்த்துச் சதுரமாக நிற்கச் சொன்னேன். மூன்று ஊசியோடு அவர்கள் சதுரமாக நிற்க முப்பது நிமிடம் ஆகும் என்றார் நடுவர். முப்பது நிமிடம்! பதினோரு மணிக்கு வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. காகிதத்தில் எழுதியதுதான். இருந்தாலும் நமிதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பன்னிரண்டரைக்கு அறுநூறு பேர் மிச்சம். பிஷ்டிடமிருந்து சரணடையச் சொல்லிச் சீட்டு. கிழித்தேன்.

"யாரும் வரப்போவதில்லை. போதும்" என்றாள் நமிதா.

"செல்வின் வருவான்."

"வந்தால் யாரைக் கூட்டிப்போவான்?"

ஒன்று பத்துக்கு நடுவர் வந்து பேனாவை மூடச் சொன்னார். எங்களைக் கூடத்துக்கு அழைத்துப்போய் மணல் மேசையைக் காட்டினார்கள். எங்கள் படையைக் குறிக்கும் ஊசிகள் ஒன்றும் நிற்கவில்லை. செல்வினின் முன்படை பாதி வழியில் நின்றது. "இன்னும் இரண்டு மணி நேரம் முன்னால் கிளம்பியிருந்தால் கதையே வேறு" என்று ஒரு நடுவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

மாடிப்படி இறங்கச் சிரமமாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 22, சனி

காலை அணிவகுப்பிலேயே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். டாக்டர் கட்டைவிரலால் எலும்பை அழுத்தினார். நான் கத்தவில்லை. கண்ணில் நீர் மட்டும் வந்தது. "திங்கள் எக்ஸ்ரே. ஓட்டம் கிடையாது" என்று எழுதினார்.

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் செல்வின் நின்றுகொண்டிருந்தான்.

"நீதான் சொன்னியா?"

"ஆமா. நாந்தான் சொன்னேன்."

"எவ்ளோ கெஞ்சினேன் உங்கிட்ட!"

"நேத்து நீ படியில உக்காந்து உக்காந்து எறங்குனத பாத்தேன். அதுக்கப்புறம் எனக்கு வேற வழி தெரியல்ல."

"என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்கடா."

"போனாலும் ரெண்டு காலோட போவ."

அறைய வேண்டும் போல இருந்தது. கூடத்தில் ஆள் இருந்ததால் விட்டேன்.

பிற்பகல் சபை. இருநூறு கேடட்டுகள், முன்வரிசையில் அதிகாரிகள். நான்தான் கடைசி. ஆறு, ஊசிகள், சதுரம் என்று தயார் செய்து வைத்திருந்தேன். மேடையில் நின்றதும் அது ஒன்றும் வாயில் வரவில்லை. ஓட்டம் போய்விட்டது. இந்த மதிப்பெண் ஒன்றுதான் மிச்சம். எதிரில் செல்வின் உட்கார்ந்திருந்தான்.

"உதவி கேட்டு எட்டரை மணிக்கு எழுதினேன்" என்றேன். "காஞ்சிப் படை கிளம்பியது பதினோரு மணிக்கு. பெட்டியைக் கால் மணிக்கு ஒருமுறை காலி செய்தார்கள். அந்தச் சீட்டு பக்கத்து அறைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதைச் சபையே தீர்மானிக்கட்டும்."

மேஜர் சூர்வே செல்வினை எழுந்து நிற்கச் சொன்னார். "சீட்டை எப்போது வாங்கினாய்?"

"பத்து நாற்பதுக்கு, சார். அதில் எழுதியிருக்கிறேன்."

"அதற்கு முன்பே வந்து, எடுத்துப் பார்க்காமல் இருந்தாயா?"

"இல்லை, சார். வந்ததே பத்து நாற்பதுக்கு."

அவன் என்னைத்தான் பார்த்தான். நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன்.

நான் சொன்னதில் எந்த வார்த்தையும் பொய் இல்லை.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

செல்வின் மீது விசாரணை. நேரத்தைப் பொய்யாகக் குறித்தான் என்று. தீர்ப்பு வரும்வரை அவனுக்கு ஓட்டமும் கிடையாது. மெஸ்ஸில் அவன் உட்கார்ந்த மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை.

அம்மாவுக்குப் போன் செய்யவில்லை. காலுறை எல்லாம் காய்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 24, திங்கள்

விடியற்காலையில் எல்லோரும் ஓடக் கிளம்பிய சத்தம் கேட்டது. எனக்கு எக்ஸ்ரே.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பில் முக்கால் பங்குக்கு விரிசல். "இன்றைக்கு ஓடியிருந்தால் ஐந்தாவது கிலோமீட்டரில் இரண்டாக முறிந்திருக்கும். அப்புறம் ராணுவம் என்ன, ஒழுங்காக நடப்பதே சந்தேகம்" என்றார். "யார் வந்து சொன்னது? உன் நண்பனா? அவனுக்கு ஒரு நல்ல சாப்பாடு வாங்கிக் கொடு."

தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. மருத்துவமனையிலேயே படுக்கை.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

மேஜர் சூர்வே வந்தார். ஆறு மாதம் ஓய்வு. மருத்துவக் காரணம் என்பதால் பின்தள்ளியதாகக் கணக்கில்லை. குணமானதும் அடுத்த அணியில் சேர்ந்துகொள்ளலாம். போர் விளையாட்டிலும் தேறிவிட்டேன்.

வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள்! இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் நான் ஏன் காலை மறைக்கப் போகிறேன்? நானும் யாரையும் கேட்கவில்லை.

அவர் போன பிறகு அழுதேன். நர்ஸ் வலிக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 27, வியாழன்

நமிதா ஆரஞ்சு கொண்டுவந்தாள். உரித்துக் கொடுத்துக்கொண்டே ஓட்டத்தில் யார் எத்தனையாவது என்றெல்லாம் சொன்னாள். சனிக்கிழமை செல்வினுக்குத் தீர்ப்பாம். விசாரணையில் அவன் பத்து நாற்பது என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசவில்லையாம். சந்தேகம் என்று முடிவானாலே அனுப்பிவிடுவார்களாம்.

"மங்கை, அந்தச் சீட்டைப் பெட்டியில் எப்போது போட்டாய்?"

"எட்டரைக்கு."

"எழுதியது எட்டரைக்கு. நான் பக்கத்தில் இருந்தேன். நான் கேட்டது போட்ட நேரம்."

"அதேதான்."

அவள் ஆரஞ்சுத் தோலைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு எழுந்தாள். "என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். 'அவள் வெளியே போனதைப் பார்த்தேன், பெட்டி வரை போனாளா என்று பார்க்கவில்லை' என்று சொன்னேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும்" என்றாள்.

ஆகஸ்ட் 28, வெள்ளி

இங்கே கூட நான் சரியாக எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

எட்டரைக்குச் சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பெட்டி தாழ்வாரக் கோடியில் இருக்கிறது, நாற்பது அடி இருக்கும். பாதி தூரத்தில் காலுக்குள் ஏதோ கத்தி இறங்கியது போல இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுக்கூடத்திலிருந்து யாரோ வரும் சத்தம். பக்கத்திலிருந்த கழிவறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டேன். காலில் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்த்தால் கால் வீங்கி மினுங்கியது. மறுபடி இறுக்கிக் கட்டினேன். இரண்டு மாத்திரை போட்டேன். வெறும் வயிறு, வாந்தி வந்தது. முகம் கழுவி வெளியே வந்தபோது ஒன்பதேகால். பெட்டிப் பக்கம் போகவில்லை. அறை பக்கத்தில் இருந்தது, அங்கே போய் உட்கார்ந்துவிட்டேன். போட்டுவிட்டதாகவே நினைப்பு. அடிமேல் அடி விழுந்துகொண்டிருந்தது. பத்தரைக்குக் கைக்குட்டை எடுக்கப் பையில் கைவிட்டேன். சீட்டு இருந்தது.

நமிதா குனிந்து எண்ணிக்கொண்டிருந்தாள். நான் சுவரோரமாகவே நடந்து போய்ப் போட்டேன். 8.30 என்பதை அடித்து 10.30 என்று மாற்ற ஒரு நொடி ஆகியிருக்கும். மாற்றவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் காலைச் சொல்ல வேண்டியிருக்கும்.

பத்து நாற்பதுக்கு வாங்கினேன் என்று செல்வின் சொன்னது சத்தியம். சபையில் பேசும்போது எனக்கு அது தெரியும். தெரிந்துதான் பேசினேன்.

ஆகஸ்ட் 29, சனி

காலை உணவு வந்ததும் நர்ஸிடம் தாள் கேட்டேன். அரைப் பக்கம்தான் வந்தது. மேஜர் சூர்வேயைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். ஒன்பது மணிக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"இதை எழுதச் சொல்லி யாராவது வற்புறுத்தினார்களா?"

"இல்லை, சார்."

"இது கமாண்டன்ட் மேசைக்குப் போனால் உனக்கு என்ன ஆகும் என்று தெரியுமா?"

"தெரியும், சார்."

"விசாரணைக் குழு பதினோரு மணிக்குக் கூடுகிறது. பத்தரை வரை இது என் சட்டைப் பையில் இருக்கும். வேண்டாமென்றால் ஆள் அனுப்பு. கிழித்துவிடுகிறேன், பார்த்ததாக யாரிடமும் சொல்ல மாட்டேன். இது உன் விஷயம்."

ஒன்றரை மணி நேரம் இருந்தது. எதிர்ச் சுவரில் கடிகாரம். மூன்று முறை நர்ஸைக் கூப்பிட்டேன். முதல் முறை தண்ணீர் கேட்டேன். இரண்டாவது முறை ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். மூன்றாவது முறை அவர் வந்து நின்றதும் "மேஜரிடம் சொல்ல வேண்டும்" என்று வாய்வரை வந்துவிட்டது. பேனர், அங்கன்வாடிப் பிள்ளைகள், அம்மா மூன்று வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது. "என்னம்மா?" என்றார். "ஒன்றுமில்லை, போங்கள்" என்றேன். தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டேன்.

எடுத்துப் பார்த்தபோது பத்தே முக்கால்.

செப்டம்பர் 2, புதன்

சபையைத் தவறாக நம்பவைத்ததற்காக என்னைப் பயிற்சியிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டேன். செல்வின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவனுக்கு வரும் திங்கள் தனியாக ஓட்டம்.

அம்மாவிடம் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று, "அம்மா?" என்றேன்.

"இக்கறேன், சொல்லு."

"அவ்ளோதாம்மா."

"அந்தப் பையன் அம்மாவுக்குத் தெரியுமா, இதெல்லாம்?"

"தெரில."

"பாவம்டி அவங்க" என்றாள். பிறகு, "எந்த ட்ரெய்னு? கட்டோட தனியா எப்டி எறங்குவ? நான் அரக்கோணத்துக்கு வந்துட்றேன்" என்றாள். சித்தப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 4, வெள்ளி. ரயிலில்

எட்டு மணிக்கு ஜீப். பெட்டியை நமிதா அடுக்கிக் கொடுத்தாள். தன் சிவப்புக்கரை அசாம் துண்டு ஒன்றை மேலே வைத்து மூடினாள். கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

மருத்துவமனை வாசலில் செல்வின் நின்றான். உடம்பெல்லாம் வியர்வை. ஓடிப் பழகிவிட்டு நேராக வந்திருக்கிறான்.

"செல்வின், நான்..."

"நீ ஒண்ணும் பேசாண்டாம். எனக்கு இன்னும் கோவம் போகல்ல" என்றான். "ஒரு வாரம் என்னைக் கள்ளனப் பாக்குற மாதிரி பாத்தானுவ. கூட உக்காந்து திங்க ஒரு ஆளு இல்ல."

"தெரியும்."

"ஒனக்குத் தெரியாது."

ஆமாம், எனக்குத் தெரியாது. தலையை ஆட்டினேன்.

டிரைவர் பெட்டியைத் தூக்க வந்தார். செல்வின் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே தூக்கி ஜீப்பில் வைத்தான். என் போர்வையை எதிர் சீட்டில் மடித்துப் போட்டு, இரண்டு கையாலும் கட்டுக்காலைத் தூக்கி அதன்மேல் வைத்தான். "கீழ எறக்காத. ரோடு மோசம், குலுங்கும்" என்றான். ஊன்றுகோலைக் கையில் கொடுத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜீப் திரும்பும்போது அவன் மைதானத்தின் பக்கம் போய்க்கொண்டிருந்தான்.

இப்போது கீழ் பெர்த்தில் இருக்கிறேன். எதிரில் ஓர் அம்மா, மகள் பிரசவத்துக்கு அரக்கோணம் போகிறாராம். வெகுநேரம் என் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டு வந்தவர், "இன்னாம்மா ஆச்சு? எங்கனா வுழுந்துட்டியா?" என்று கேட்டார்.

"வுழலீங்க. ஒடஞ்சிருக்குன்னு தெரிஞ்சும் நடந்தேன்."

"ஐயையோ, யாருகிட்டயும் சொல்லலியா?"

"சொல்லல."

அவர் உச்சுக்கொட்டினார். பையிலிருந்து முறுக்கு எடுத்து என் பக்கம் வைத்துவிட்டு, "சாப்டு, அரக்கோணம் வர்றதுக்கு இன்னும் நேரம் இக்குது" என்றார்.